ஏற்காடு ஏறுமா? பேட்டரி காருக்கும் பெட்ரோல் காருக்கும் ஒரு மலைக் கணக்கு

சேலத்தில் யாராவது பேட்டரி கார் வாங்கப் போவதாகச் சொன்னால் அடுத்த நொடி வருகிற கேள்வி: "ஏற்காடு ஏறுமா?" மைலேஜ், விலை எல்லாம் அப்புறம்தான். கேள்வியில் நியாயம் இருக்கிறது. நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரில். அடிவாரம் தாண்டியதும் இருபது கொண்டை ஊசி வளைவுகள். பழைய பெட்ரோல் கார்கள் ரேடியேட்டர் கொதித்து ஓரமாக நின்றதைப் பார்த்து வளர்ந்த ஊர் இது.

பதில்: ஏறும். பெட்ரோல் காரைவிடச் சுலபமாகவே ஏறும். பேட்டரி காரின் குறைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. அவை எங்கே என்று தெரிந்துகொள்ளவும் இதே மலைப்பாதை உதவும்.

முதலில் ஓர் அளவுகோல். வீட்டு மின்மீட்டரில் ஓடுகிற யூனிட்டையே எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியிருக்கும் ஆற்றல் சுமார் 9 யூனிட். 35 லிட்டர் டேங்க் நிறைந்திருந்தால் 300 யூனிட்டுக்கு மேல் கையில் இருக்கிறது. நம் ஊரில் ஓடுகிற நடுத்தரப் பேட்டரி கார்களில் இருப்பதோ 30 முதல் 45 யூனிட். சரி, 40 என்று வைத்துக்கொள்வோம். டேங்கில் இருப்பதில் ஏழில் ஒரு பங்குதான்! ஆனால் அந்த 40 யூனிட்டில் கார் 280 கிலோமீட்டர் வரை ஓடுகிறது. பெட்ரோல் காரோ 300 யூனிட்டை எரித்துவிட்டு, லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் என்ற கணக்கில், 525 கிலோமீட்டர் ஓடுகிறது. ஏழு மடங்கு ஆற்றலுக்கு இரண்டு மடங்குகூட வராத தூரம்.

மீதி எங்கே போயிற்று? சூடாகப் போயிற்று. பெட்ரோல் எஞ்சினில் எரிகிற ஆற்றலில் நாலில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் பெரிய விஷயம். மற்றது ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெளியேறுகிறது. மின்மோட்டாரோ பேட்டரியிலிருந்து எடுப்பதில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கைச் சக்கரத்துக்குக் கொடுத்துவிடும்.

இரண்டு வண்டிகளுக்கும் உள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட இவ்வளவுதான். பெட்ரோல் கார் நிறைய எடுத்துவந்து நிறைய வீணடிக்கிறது. பேட்டரி கார் கொஞ்சமாக எடுத்துவந்து சிக்கனமாகச் செலவழிக்கிறது. அந்தக் கொஞ்சத்தைத் தூக்கி வருவதே பெரும்பாடு என்பது இன்னொரு விஷயம். 35 லிட்டர் பெட்ரோலின் எடை 26 கிலோ. 40 யூனிட் பேட்டரி கால் டன்னுக்கு மேல் இருக்கும். பெட்ரோல் டேங்க் காலியாகக் காலியாக வண்டி லேசாகும், பேட்டரிக்கு அந்தச் சலுகை இல்லை. டயர் சீக்கிரம் தேய்வதற்கு இந்த எடையும் ஒரு காரணம்.

இனி மலைக்குப் போவோம். நாலு பேர், பெட்டிகள் எல்லாம் சேர்த்து கார் 1,800 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த எடையை 1,220 மீட்டர் உயரத்துக்குத் தூக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பது பள்ளிக்கூட இயற்பியல்: எடை, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் சரியாக 6 யூனிட் வருகிறது. மோட்டாரில் வீணாவது, டயர் உராய்வு, காற்று, ஏசி எல்லாம் சேர்த்தால், நகரத்திலிருந்து ஏற்காடு ஏரிவரைக்குமான முப்பது சொச்சம் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 10 யூனிட் ஆகும். பேட்டரியில் கால் பங்கு.

புதிதாக ஓட்டுகிறவர்கள் பதறுவது இங்கேதான். 'இன்னும் இத்தனை கிலோமீட்டர் போகலாம்' என்று திரையில் காட்டும் எண், கார் முப்பது கிலோமீட்டர் ஓடுவதற்குள் எழுபது குறைந்திருக்கும். காரில் கோளாறு ஒன்றும் இல்லை. சமதளக் கணக்கில் சொல்லிக்கொண்டிருந்த எண் அது, மலை வருவது அதற்குத் தெரியாது.

பெட்ரோல் காருக்கு மேலே போகப் போக இன்னொரு சங்கடம். ஏற்காட்டில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு. எரிக்கக் காற்று குறைந்தால் சாதாரண எஞ்சினின் வலுவும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குறையும் (டர்போ வைத்த எஞ்சின்கள் பெரும்பாலும் சமாளித்துவிடும்). வளைவில் வேகம் விட்டுப்போய், இரண்டாம் கியரில் முனகி, முதல் கியருக்கு மாற்றி, பின்னால் வரும் பேருந்து ஆரன் அடிக்க நாம் வியர்த்துப்போவது இதனால்தான். மின்மோட்டாருக்குக் காற்றே வேண்டாம். நின்ற இடத்திலிருந்தே முழு இழுவையும் கிடைக்கும், கியர் இல்லை, கிளட்ச் இல்லை. கொண்டை ஊசி வளைவில் பேட்டரி கார் ஓட்டிப் பழகியவர் பழைய காரை மறுபடி தொட யோசிப்பார்.

இறங்கும்போதுதான் கணக்கு இன்னும் சுவையாகிறது. ஏறிய கியரிலேயே இறங்கு என்பது மலைப்பாதை ஓட்டுநர்களின் பழைய பாடம். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அடிவாரம் வருவதற்குள் கருகல் வாடை அடிக்கும். மேலே தூக்கிக்கொண்டு போன 6 யூனிட்டும் பிரேக்கிலும் எஞ்சினிலும் சூடாகி வீணாகிறது. பேட்டரி காரில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, சக்கரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே மின்சாரம் தயாரித்துப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. அடிவாரம் வரும்போது ஏறக்குறைய 3 யூனிட் கூடியிருக்கும். அடிவாரத்திலிருந்து நகரத்துக்குள் வருவதற்கு ஆகும் செலவையும் சேர்த்தால், போய்வர மொத்தச் செலவு 8, 9 யூனிட். வீட்டில் சார்ஜ் போட்டால் நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். பெட்ரோல் காரில் இதே பயணத்துக்கு நாலு லிட்டரை ஒட்டி ஆகும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு, விற்பனைக்கூடத்தில் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். ஏற்காட்டில் இரவு தங்கி, விடிய விடிய சார்ஜ் போட்டு, நூறு சதவீதத்தோடு காலையில் இறங்க ஆரம்பித்தால் பேட்டரியில் திருப்பி வாங்கிக்கொள்ள இடமில்லை. மோட்டார் பிடிக்கும் பிடி தளர்ந்துவிடும். பழகிய பிடியை நம்பி வளைவுக்கு வருகிறவருக்கு அது திடுக்கிட வைக்கும், முழுப் பாரமும் பிரேக்கில்தான். மலைமேல் 85 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்திவிடுங்கள், மீதியை மலையே போட்டுக்கொடுக்கும்.

மலை ஒரு பிரச்சினையே இல்லை என்றால் குறைதான் என்ன? பிளக். காரை வாங்குவதற்கு முன்னால் உங்கள் வீட்டில் கார் நிற்கும் இடத்தைப் போய்ப் பாருங்கள். அஸ்தம்பட்டியிலோ ஃபேர்லேண்ட்ஸிலோ போர்ட்டிகோ உள்ள சொந்த வீடு என்றால் கவலை இல்லை. ஏசிக்குப் போடுகிற 15 ஆம்ப் பிளக்கில் மணிக்கு 3 யூனிட் வரை ஏறும், இரவு ஒன்பதுக்குப் போட்டால் காலையில் ரெடி. செவ்வாய்ப்பேட்டைச் சந்துக்குள் தெருவில் கார் நிறுத்துகிறவருக்கு, வாடகை வீட்டுக்காரருக்கு, மூன்றாவது மாடியில் குடியிருந்துகொண்டு கீழே பொது இடத்தில் காரை விடுகிறவருக்கு இந்த வசதி கிடையாது. தினமும் பொது சார்ஜரைத் தேடிப் போக வேண்டும், அங்கே யூனிட் விலை வீட்டைப்போல இரண்டு மூன்று மடங்கு. பேட்டரி காரின் லாபமே வீட்டு பிளக்கில் இருக்கிறது. அது இல்லாதவருக்கு நான் இப்போதைக்குப் பேட்டரி காரைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மலைமேல் தங்கும் இடங்களிலும் இதே கதைதான். பழைய எஸ்டேட் பங்களாவை விடுதியாக மாற்றியிருப்பார்கள். "கார் சார்ஜ் போடலாமா?" என்றால் "தாராளமா போடுங்க சார்" என்பார்கள். கீசர் பிளக்கிலிருந்து ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்று நீண்டு வரும். சார்ஜரைச் சொருகினால் சிவப்பு விளக்கு எரியும். எர்த் இணைப்பு சரியில்லை என்று அர்த்தம். கார் சார்ஜர்கள் பெரும்பாலும் எர்த் இல்லாமல் வேலை செய்ய மறுத்துவிடும், அது நம் பாதுகாப்புக்குத்தான். தப்பித் தவறி ஏறினாலும் அரை மணிக்கு ஒருதரம் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். தொடர்ந்து எட்டு மணி நேரம் இழுக்கிற சுமைக்கு அந்த மெல்லிய வயர் உருவானதல்ல. முன்கூட்டியே போனில் கேட்டு, கார் சார்ஜர் பொருத்திய இடமாகப் பார்த்துத் தங்குவது நல்லது.

அடுத்தது நெடுஞ்சாலை. சேலத்திலிருந்து சென்னை 340 கிலோமீட்டர் சொச்சம். கம்பெனிக்காரர்கள் சொல்லும் தூரம் சோதனைக்கூடத்தில் அளந்தது, நிஜத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு வந்தால் சரி. ஆத்தூர் தாண்டி மணிக்கு நூறில் போனால் காற்றின் எதிர்ப்பில் இன்னும் குறையும். ஆக வழியில் ஒரு தடவையாவது நின்று வேகச் சார்ஜரில் போட்டாக வேண்டும், முக்கால் மணி நேரம் போகும்.

அதில் எண்பது சதவீதம்வரை சடசடவென ஏறுவது, அப்புறம் ஏன் ஆமை வேகத்துக்கு வந்துவிடுகிறது? சேலம் புதுப் பேருந்து நிலையத்தில் காலி ஏற்காடு பஸ் வந்து நின்றால் முதல் இருபது பேர் ஏறி உட்கார ஒரு நிமிடம் ஆகாது. கடைசி ஐந்து பேர் இருக்கிற இடுக்கில் சீட்டைத் தேடி, பையை நகர்த்தச் சொல்லி உட்கார அதே நேரம் பிடிக்கும். பேட்டரிக்குள் லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளில் இடம் பிடிப்பதும் அப்படித்தான். அவசரப்படுத்தினால் அயனிகள் உள்ளே போகாமல் மேலேயே உலோகமாகப் படிந்து பேட்டரி கெட்டுவிடும் என்பதால் காரே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. எனவே வழியில் 80 வந்ததும் கழற்றிக்கொண்டு கிளம்புவதே புத்திசாலித்தனம், பின்னால் காத்திருப்பவருக்கும் உதவி. பொங்கல், தீபாவளி நேரத்தில் உங்களுக்கு முன்னால் இரண்டு கார் நின்றால் பயணத்தில் ஒன்றரை மணி நேரம் கூடும். பெட்ரோல் பங்க்கில் இதே வேலை ஐந்து நிமிடம். பெட்ரோலின் ஆகப் பெரிய பலம் இன்றைக்கும் இதுதான்.

பணத்தைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. பெட்ரோல் நூறு ரூபாயை ஒட்டி விற்கும்போது கிலோமீட்டருக்கு ஆறரை, ஏழு ரூபாய் ஆகிறது. வீட்டு மின்சாரத்தில் ஒன்றரை ரூபாய். மிச்சம் ஐந்து ரூபாய். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் வருடத்துக்கு அறுபதாயிரம். பேட்டரி காருக்கு மூன்று லட்சம் கூடக் கொடுத்திருந்தால் ஐந்து வருடத்தில் ஈடாகும். மாதம் ஐந்நூறுதான் ஓட்டுகிறீர்கள் என்றால் பத்து வருடம், அதற்கு வாங்காமலே இருக்கலாம். ஒன்றைக் கவனியுங்கள்: தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, யூனிட் கூடக் கூட விலையும் படிப்படியாக ஏறுகிற மாதிரி அமைந்தது. கார் மட்டுமே 300 யூனிட்டுக்கு மேல் சேர்க்கும். கோடையில் ஏசியும் ஓடினால் பில் ஒரேயடியாக மேல் படிக்குப் போய்விடும். பழைய பில்லின் சராசரி விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இன்னொரு பக்கம், 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பேட்டரி காருக்கு முன்பிருந்தே 5 சதவீதம்தான். வரிச் சலுகையில் இருந்த இடைவெளி அந்த அளவுக்குச் சுருங்கியிருக்கிறது.

பழைய கார் சந்தையில் பேட்டரி காருக்கு மரியாதை குறைவு. வாங்குகிறவருக்குப் பேட்டரியின் ஆயுள் பற்றிய பயம். 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்பது வழக்கமான உத்தரவாதம். அதற்குப் பிறகு பேட்டரி செத்துவிடாது, கொள்ளளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். நம் ஊரில் அதை விரைவுபடுத்துவது வெயில். சேலத்தில் கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். முழு சார்ஜோடு காரை நாள் முழுக்க வெயிலில் போட்டுவைப்பது பேட்டரிக்கு நாம் செய்கிற மிகப் பெரிய கெடுதல். திரவக் குளிர்விப்பு உள்ள மாடலா என்று கேட்டு வாங்குங்கள், நிழலில் நிறுத்துங்கள்.

தீப்பிடிக்குமா? 2022 கோடையில் சில மின் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த பிறகு பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை மத்திய அரசு இறுக்கியது. பெட்ரோல் கார்களும் எரிகின்றன, ஆனால் பேட்டரித் தீ ஒருதரம் பிடித்தால் அணைப்பது கடினம், அணைந்தது மறுபடி பற்றவும் கூடும். இப்போது பரவலாக வரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை இதில் கொஞ்சம் சாதுவானது, கோபால்ட்டும் வேண்டியதில்லை. அதே எடைக்குத் தூரம் சற்றுக் குறையும், அவ்வளவுதான்.

'புகையே இல்லாத கார்' என்ற விளம்பரத்துக்கு வருவோம். புகை உங்கள் தெருவில் இல்லை, அது உண்மை. ஐந்து ரோடு சிக்னலில் நிற்கும் மனிதனின் நுரையீரலுக்கு அது பெரிய நன்மை. ஆனால் இந்தியாவின் மின்சாரத்தில் முக்கால் பங்கை ஒட்டி நிலக்கரியிலிருந்து வருகிறது. பக்கத்திலேயே மேட்டூரில் 1,440 மெகாவாட் அனல் மின்நிலையம் இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு, கிலோமீட்டருக்கு 150 கிராம் என்று வையுங்கள். நம் நாட்டு மின்சாரம் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 700 கிராம் விடுகிறது, பேட்டரி காருக்குக் கிலோமீட்டருக்கு 110 சொச்சம் வரும். குறைவுதான், பிரமாதமான குறைவு இல்லை. பேட்டரி தயாரிப்பதிலேயே சில டன் கரியமில வாயு முன்கூட்டி வெளியேறியிருக்கும், அதை ஈடுகட்டச் சில வருடங்கள் ஓட்ட வேண்டும். ஆனால் இந்த 700 வருடா வருடம் மாறக்கூடிய எண். ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளும் சூரியத் தகடுகளும் கூடக் கூட, நீங்கள் ஏற்கெனவே வாங்கிய பழைய பேட்டரி காரும் தானாகச் சுத்தமாகிக்கொண்டே போகும். பகல் பன்னிரண்டு மணிக்குச் சார்ஜ் போட முடிந்தவர் இன்றைக்கே அந்த லாபத்தை எடுத்துக்கொள்ளலாம், அப்போது மின்கம்பியில் சூரிய மின்சாரம் அதிகம் ஓடுகிறது.

பெட்ரோல் கார் அப்படியே நின்றுவிடவில்லை. 2025-ல் பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகிவிட்டது. லிட்டருக்கு எத்தனாலில் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் மைலேஜ் கொஞ்சம் அடிபடும். எத்தனால் எடுக்கலாம் என்று 2018 தேசிய உயிரி எரிபொருள் கொள்கை அனுமதித்த பயிர்களில் மரவள்ளியும் ஒன்று. ஜவ்வரிசிக்குப் பேர்போன மாவட்டத்தில் இது எங்கே போய் முடியும் என்று கவனிக்க வேண்டும். ஹைபிரிட் கார்கள் நகர நெரிசலில் அருமை. மலையில் ஒரு வேடிக்கை: அவற்றின் பேட்டரி பெரும்பாலும் ஒரு யூனிட்டை ஒட்டித்தான், இறங்கும்போது சில வளைவுகளிலேயே நிரம்பிவிடும், மிச்ச மலை வீண்.

எதிர்காலம் பேட்டரி விலையில் இருக்கிறது. 2010-ல் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் இருந்தது, 2024-ல் 115 டாலர் அளவுக்கு வந்துவிட்டது. நார்வேயில் 2024-ல் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பேட்டரி கார். நமக்கு அந்த வேகம் வராது, வர வேண்டிய கட்டாயமும் இல்லை. இங்கே மாற்றம் கீழிருந்து வருகிறது, முதலில் ஷேர் ஆட்டோ, ஸ்கூட்டர், அப்புறம்தான் கார். பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போச்சம்பள்ளியிலும் ஓசூரிலும் மின் ஸ்கூட்டர் ஆலைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன, தூத்துக்குடியில் 2025 ஆகஸ்ட்டில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் கார் ஆலை திறந்தது. லித்தியத்துக்குப் பதில் சோடியம் வைத்த பேட்டரிகள் சந்தைக்கு வர ஆரம்பித்திருக்கின்றன. உப்பிலிருந்து எடுக்கலாம், விலை குறையும். ஆனால் எடைக்கு ஏற்ற தூரம் இன்னும் கம்மி. மூலப்பொருள் விஷயத்தில் நாம் இன்னும் பிறர் கையில்தான்: 2025 ஏப்ரலில் அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு போட்டதும் இங்கே மோட்டார் செய்கிறவர்கள் திண்டாடிப்போனார்கள். பெட்ரோலுக்கு அரபு நாடு, பேட்டரிக்குச் சீனா.

காரைவிட இந்த மலைக்குப் பொருத்தமான மின்வண்டி ஒன்று என் மனதில் இருக்கிறது: எஸ்டேட் லாரி. சுவிட்சர்லாந்தில் பீல் ஊருக்கு அருகே ஒரு சிமெண்ட் ஆலையின் சுரங்கத்தில் பெரிய மின் டம்பர் ஓடுகிறது. காலியாக மலை ஏறும், அறுபது டன்னுக்கு மேல் கல்லை ஏற்றிக்கொண்டு இறங்கும். இறங்கும்போது கிடைக்கிற மின்சாரமே அடுத்த முறை ஏறப் போதும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காப்பி, மிளகு, ஆரஞ்சு எல்லாம் கீழேதான் இறங்குகின்றன. 3 டன் லாரி காலியாக ஏறி, மேலே இன்னொரு 3 டன் காப்பி மூட்டையை ஏற்றிக்கொண்டு இருபது வளைவையும் இறங்கினால், ஏறச் செலவானதில் பெரும்பகுதி அடிவாரத்துக்கு வருவதற்குள் பேட்டரிக்குத் திரும்பியிருக்கும். இன்றைக்கு அதையெல்லாம் டீசல் லாரிகள் பிரேக்கில் எரித்துக்கொண்டிருக்கின்றன.